மேடை வித்தையும் மில்டன் எரிக்சனும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அண்மையில் எங்கள் ஊர் மண்டபத்தில் கட்டணம் வாங்கி நடத்தப்பட்ட மனோவசிய (ஹிப்னாடிச) நிகழ்ச்சியில், மேடைக்கு அழைக்கப்பட்ட தோட்டத்து இளைஞர் ஒருவர் பச்சை வெங்காயத்தை ஆப்பிள் என்று நம்பிக் கடித்துத் தின்றார்; அவர் கண்ணில் நீர் வழிய, கூட்டம் கைதட்டிச் சிரித்தது. அதோடு விட்டிருந்தால் வேடிக்கை என்று போயிருக்கும். மனச்சோர்வையும் தீராத வலியையும் இதே முறையில் ஒரே நாளில் போக்கலாம் என்றும், அமெரிக்க மனநல மருத்துவர் மில்டன் எரிக்சன் காட்டிய வழி இதுதான் என்றும் நடத்தியவர் அறிவித்ததாலேயே இதை எழுதுகிறேன்.

1901-இல் பிறந்து விஸ்கான்சின் பண்ணையில் வளர்ந்த எரிக்சன், 17 வயதில் இளம்பிள்ளை வாதத்தால் படுக்கையில் விழுந்தார். அப்போது நடை பழகிக்கொண்டிருந்த குட்டித் தங்கை எப்படிக் காலூன்றி எழுகிறாள் என்பதை உற்றுக் கவனித்தே தாமும் மீண்டும் நடக்கப் பழகியதாகப் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். 1928-இல் மருத்துவப் பட்டம் பெற்று, மனநல மருத்துவமனைகளில் நெடுங்காலம் பணியாற்றிய பிறகே, 1948-இல் ஃபீனிக்ஸ் நகரில் குடியேறினார்.

அவருடைய முறையில் அதட்டலோ கட்டளையோ பெரும்பாலும் இல்லை. 1966-இல் அவர் எழுதிய கட்டுரையில், முகத்தில் புற்றுநோய் கண்டு, பேச முடியாமல் எழுதிக்காட்டிய ஒரு பூ வியாபாரியைப் பற்றிக் கூறுகிறார். ஹிப்னாடிசம் என்ற பேச்சையே வெறுத்த அம்மனிதரிடம், தக்காளி விதை மண்ணுக்குள் கிடந்து மெல்ல முளைவிடுவதைப் பற்றி நிதானமாகப் பேசிக்கொண்டே, நிம்மதி, ஓய்வு ஆகிய சொற்களை இடையிடையே நுழைத்தார் எரிக்சன். நோயாளியின் வலி தணிந்தது. ஆனால் புற்றுநோய் தீர்ந்ததாக எரிக்சன் எங்கும் சொல்லவில்லை. அவர் சொன்ன வெற்றிகளில் பல அவரே எழுதிவைத்தவை, போதிய ஆய்வுச் சான்று இல்லாதவை என்ற விமர்சனமும் உண்டு, அது நியாயமானதே.

1957-இல் அவர் முதல் தலைவராக இருந்து தொடங்கிய ஹிப்னாசிஸ் கழகம், மருத்துவர், பல் மருத்துவர், உளவியலாளர் முதலியோருக்கானது. ஆகவே, சிகிச்சை என்று சொல்லி மண்டபம் கேட்டு வருபவரிடம் நிர்வாகத்தினர் முதலில் கல்வித் தகுதியைக் கேட்கட்டும். பெரிய மனநல மருத்துவமனை இருக்கும் தஞ்சோங் ரம்புத்தான் எங்களுக்குப் பக்கத்து ஊர்தான். அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லியே ஒருவரையொருவர் கேலி செய்து பழகியதால், தூக்கமின்றித் தவிப்பவர்கூட மருத்துவரிடம் போகக் கூசி, இத்தகைய மேடைகளுக்குப் பணம் கட்டுகிறார். அரசாங்க கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டி மருத்துவரைப் பார்த்தால், தேவைப்படும்போது மனநல நிபுணருக்குக் கடிதம் கொடுத்து அனுப்புவார்கள்.

இப்படிக்கு,
வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்.