உன் அன்னாசியைப் பிடுங்காதே

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தி படித்து மனசு நிறைந்தது. உன் முழங்கால் வலி குறைந்திருப்பதும் நிம்மதி. இங்கே எல்லாரும் நலம். அவர் ஓய்வு பெற்றுவிட்டார். மாடித் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது இப்போது அவர் பொறுப்பு.

சரி, அன்னாசி விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவு நாளாகியும் பூக்கவில்லை, பிடுங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம், மல்லிகா. நீ வைத்தது பழத்தின் தலையில் இருந்த கொண்டை. அது காய்க்க இரண்டு வருஷத்துக்கு மேலும் ஆகலாம். செடியின் அடியில் முளைக்கிற பக்கக்கன்றை வைத்திருந்தால் இன்னும் சீக்கிரம் காய்த்திருக்கும். அதனால் மாதங்களை எண்ணாதே, இலைகளை எண்ணு. நன்றாகத் தடித்த இலைகள் முப்பதுக்கு மேல் இருந்தால்தான் ஒரு பழத்தைத் தாங்குகிற வலு அதற்கு வந்திருக்கும்.

தினமும் தண்ணீர் விடுவதாக எழுதியிருந்தாய். அதுதான் எனக்குக் கவலை. அன்னாசி பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, ராத்திரியில் திறந்து காற்றை உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளும். அதனால் ஈரம் அதிகம் வீணாவதில்லை. வறட்சியைத் தாங்கும், வேரடியில் தேங்கும் நீரைத் தாங்காது, அழுகிவிடும். மேல்மண் காய்ந்த பிறகு ஊற்று. தொட்டியின் அடித்துளை அடைத்திருக்கிறதா என்றும் பார். வெயில் மட்டும் தாராளமாக வேண்டும். இலையிடுக்கில் எறும்பு ஊர்ந்தால் மாவுப்பூச்சி இருக்கிறதா என்று தேடு. எறும்புதான் அதைச் செடிக்குச் செடி கொண்டுபோகும். வாடல் நோயும் கூடவே வரும்.

இலைகள் தேறிய பிறகும் பூக்காவிட்டால் ஒரு வழி உண்டு. பழுத்த ஆப்பிள் துண்டுகளைச் செடியருகே வைத்து, பிளாஸ்டிக் பையால் சில நாள் மூடி வை. நிழலில் வைத்துத்தான் மூட வேண்டும், வெயிலில் செடி வெந்துவிடும். பழுக்கும் ஆப்பிள் எத்திலீன் வாயுவை விடும். அது அன்னாசியைப் பூக்கத் தூண்டும். புகையிலும் அந்த வாயு உண்டு. 1870-களில் போர்ச்சுகலுக்குச் சொந்தமான அசோர்ஸ் தீவுகளில் கண்ணாடிக் கூடத்துக்குள் அன்னாசி வளர்த்தவர்கள், புகை பட்ட செடிகள் ஒருசேரப் பூத்ததைப் பார்த்துத்தான் இந்த வித்தையைப் பிடித்தார்கள். எத்தனை கூர்மையான கண் அவர்களுக்கு!

ஆனால் மார்கழிக் குளிர் வரட்டும் என்று காத்திருப்பதே எனக்குப் பிடிக்கும். குளிர்ந்த ராத்திரிகளில் செடி தானாகவே மொட்டு விடும். நடுவில் சிவப்பாக ஒரு குமிழ் எழும்பும். அப்புறம் அடியிலிருந்து மேலாக, ஊதா நிறத்தில் சின்னச் சின்னப் பூக்கள் விரியும். ஒவ்வொன்றும் ஒரு நாள்தான். அந்த நூற்றுக்கணக்கான பூக்கள் ஒட்டிச் சேர்ந்துதான் நாம் தின்னும் ஒரே பழம். அதைப் பார்க்காமல் நீ செடியை எறிவதை நினைக்கவே எனக்குத் தாங்கவில்லை.

பூத்ததிலிருந்து பழுக்க ஐந்தாறு மாதமாகும். செடியிலேயே மஞ்சளாகட்டும், அறுத்த பிறகு இனிப்பு ஏறாது. அதற்குப் பின் தாய்ச்செடி மெல்ல ஓயும். பக்கத்தில் வரும் கன்றுகளில் பெரியதை விட்டுவிட்டு, மற்றதில் ஒன்றை எனக்கு எடுத்து வை. சித்திரையில் பேத்தியைப் பார்க்க வரும்போது வாங்கிக்கொள்கிறேன். இலை எத்தனை என்று எண்ணி உடனே எழுது.

அன்புடன்,
உன் சரசு