குஞ்சோடு நிற்கும் விராலைப் பிடிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழை ஓய்ந்து, கன்னடியன் கால்வாய்க் குளங்கள் மறுகால் பாய்கிற இந்த மார்கழியில், சேரன்மகாதேவி, பத்தமடைப் பக்கம் கரை நெடுகத் தூண்டில்தான். நானும் தூண்டில் போடுகிறவன்தான். ஒரே ஒரு வழக்கத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லி எழுதுகிறேன்.

ஆகாயத்தாமரை ஓரத்தில் ஓரிடத்தில் மட்டும் தூறல் விழுந்தாற்போலத் தண்ணீர் பொடிப்பொடியாய்த் துள்ளும். உற்றுப் பார்த்தால் செக்கச்செவேலென்று விரால் குஞ்சுகள், கூட்டமாக மூச்சு வாங்க மேலே வந்து போகும். அடியில் தாயும் தகப்பனும் காவல். தவளையை முள்ளில் கோர்த்து அந்தக் கூட்டத்தின்மேல் ரெண்டு தட்டுத் தட்டினால் பெரிய விரால் பாய்ந்து கவ்வும். அது பசியில் கவ்வுவதில்லை, குஞ்சை அண்டுவதை விரட்டப் பாய்கிறது. விடியற்காலைக் குளிரில் மற்ற மீன்கள் இரையெடுக்காமல் அடியில் மந்தமாகக் கிடக்கும்போது, வெறுங்கையோடு வீட்டுக்குப் போக மனசில்லாதவர்கள் இதைத்தான் தேடிப் போகிறார்கள். பெரியது போய்விட்டால் குஞ்சுகள் ஜிலேபிக் கெண்டைக்கும் கெளுத்திக்கும் தீனி. அடுத்த வருஷம் குளத்தில் விராலே இல்லை என்று டீக்கடையில் புலம்புவதும் இதே ஆட்கள்தான்!

கனடாவில் இருக்கும் என் மருமகனும் தூண்டில் பைத்தியம். அங்கே ஸ்மால்மவுத் பாஸ் என்று ஒரு மீன். பனி உருகின தண்ணீரில் அசையாமல் கிடக்குமாம். இரையை இழுப்பதே தெரியாமல் இழுக்க வேண்டுமாம். தண்ணீர் 15 டிகிரியை ஒட்டி வந்ததும் ஆண் மீன் வாலால் சரளையை ஒதுக்கிக் குழி பறிக்கும். பெண் முட்டையிட்டுப் போய்விடும். பிறகு ஆண்தான் தனியாகக் காவல். அதைப் பிடித்துச் சில நிமிஷத்தில் திரும்ப விட்டால்கூட, அதற்குள் சின்ன மீன்கள் முட்டையைத் தின்றுவிடும். அதனால்தான் ஒன்டாரியோவில் பல ஏரிகளில் அந்தச் சமயம் பாஸ் பிடிக்கவே விடுவதில்லை.

நம் கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம் இருக்கிறது. குளத்துக்கு அவ்வளவெல்லாம் நான் கேட்கவில்லை. மீன் குத்தகை எடுத்தவர்கள் தங்கள் காவல்காரர்களிடம், குஞ்சுக்கூட்டத்தின்மேல் தூண்டில் போட விடாதே என்று சொல்லி வைத்தால் போதும். நஷ்டம் தப்புவது அவர்களுக்குத்தான்.

குளிரில் மீன் வேண்டுமென்றால் பத்து மணிக்குமேல் போங்கள். வெயில் ஏறின மடைக்கல் பக்கம், தக்கையை உயர்த்திக் கட்டி, மண்புழுவை அடியோடு கிடத்துங்கள். கெண்டை கிடைக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர்,
பத்தமடை.