ஏழாம் படுக்கை ஆச்சிக்கும், என்னைப் பேச வைத்த மற்றவர்களுக்கும்

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

பி.எஸ்சி. நர்சிங் கடைசித் தேர்வை எழுதி முடித்துவிட்டேன். இதற்கு மேலும் தள்ளிப்போடக் கூடாது என்று இந்த மடலை எழுதுகிறேன்.

இரண்டாம் ஆண்டில், வார்டு போஸ்டிங் என்றாலே எனக்கு வயிற்றைப் பிசையும். "எத்தனை நாளாகக் காய்ச்சல்?" என்ற ஒரே வரியைக் கழிவறையில் நின்று பத்து முறை சொல்லிப் பார்ப்பேன். நோயாளி முன்னால் போனதும் தொண்டை அடைத்துக்கொள்ளும். கேஸ் பிரசன்டேஷனில், அதாவது ஒரு நோயாளியைப் பற்றி எல்லோர் முன்னாலும் விளக்கிப் பேச வேண்டிய இடத்தில், நான் வாயடைத்து நின்றபோது, "பேச வராதவளுக்கு நர்சிங் எதுக்கு?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்கள். அப்புறம் லீவு போட ஆரம்பித்தேன்.

வார்டு சிஸ்டர், நீங்கள் ஒரு நாளும் "பயப்படாதே" என்று சொல்லவில்லை. அதற்கே தனியாக ஒரு நன்றி. "பேச வேண்டாம், பிரஷர் மட்டும் பார்த்து எழுதிட்டு வா" என்றீர்கள். நாலு நாள் கழித்து, "பார்த்ததை அவங்ககிட்டயும் சொல்லிட்டு வா." அடுத்த வாரம் ஒரே ஒரு கேள்வி: "ராத்திரி தூங்கினீங்களா?"

ஆச்சி, பிரஷர் பார்க்கும் பட்டையை உங்கள் கையில் சுற்றும்போது என் கை நடுங்கியதைப் பார்த்தீர்கள். இன்னொரு கையால் என் விரல்களைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா சுத்து தாயி, நான் எங்கே போகப் போறேன்" என்றீர்கள். அன்று உங்களுக்கு பிரஷர் 150/90. அந்த வார்டில் நான் வாய்விட்டுச் சொன்ன முதல் வார்த்தை அந்த எண்தான்.

அறைத்தோழியே, ஒரு ராத்திரி 14416-க்கு நீதான் போன் போட்டாய். டெலி மனஸ், 2022 அக்டோபரில் வந்த அரசு மனநல உதவி எண்; எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. போனில் பேசவும் நான் பயந்ததால் ஸ்பீக்கரில் போட்டு, முதல் இரண்டு நிமிடம் நீயே பேசினாய்.

பிறகு அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் பார்த்த உளவியலாளர் அம்மாவுக்கு நன்றி. கூச்ச சுபாவம் வேறு, மற்றவர்கள் முன்னால் இப்படி முடங்க வைக்கும் சமூகப் பதற்றக் கோளாறு வேறு என்று முதன்முதலில் பிரித்துச் சொன்னது நீங்கள்தான். ஒதுங்க ஒதுங்கப் பயம் வளரும் என்று சொல்லி, நோட்டில் ஒரு ஏணி வரைந்தீர்கள்; கீழ்ப்படியில் எளிதானது, உச்சியில் கேஸ் பிரசன்டேஷன். சிஸ்டர் தன் போக்கில் செய்ததும் இதுதானே என்று அன்று வியந்துபோனேன். உச்சிப்படி ஏற ஏழு மாதம் ஆனது.

ஆச்சி, நீங்கள் டிஸ்சார்ஜ் ஆன அன்று எனக்கு வேறு வார்டு. கேட்க நினைத்ததை இப்போது கேட்கிறேன்: பிரஷர் மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறீர்களா?