நைட்ராக்ஸ் கற்றுத்தரும் டைவிங் பயிற்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பயிற்சியாளர்களே,

போன மாதம் நைட்ராக்ஸோடு, அதாவது சாதாரணக் காற்றைவிட ஆக்சிஜன் கூடிய கலவையோடு, 30 மீட்டர் ஆழம் இறங்கக் கிளம்பினேன். சிலிண்டரில் ஆக்சிஜன் 32 சதவீதம் என்று ஒட்டியிருந்தது. பழக்கதோஷத்தில் ஆக்சிஜன் அளவு காட்டும் அனலைசரை வைத்துப் பார்த்தேன். எண் 32-ஐத் தாண்டி மெல்ல ஏறி, 40-இல் போய் நின்றது. ஏதோ சிலிண்டர் மாறிவிட்டது, அவ்வளவுதான். ஆனால் கை நடுங்கிவிட்டது.

கணக்கு உங்களுக்குத் தெரியும். 30 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப்போல 4 மடங்கு. 32 சதவீதக் கலவையில் ஆக்சிஜனின் பங்கழுத்தம், அதாவது மொத்த அழுத்தத்தில் ஆக்சிஜனின் பங்கு, 1.28; 40-இல் அதுவே 1.6. நீந்தி உழைக்கும் டைவருக்கு 1.4-ஐத் தாண்டக்கூடாது என்று நீங்கள்தானே சொல்லித்தருகிறீர்கள்.

அப்புறம் அதைத் தாண்டி ஆக்சிஜன் நச்சாகும்போது வரும் அறிகுறிகளையும் சொல்லித்தருகிறீர்கள்: பார்வை சுருங்கும், காது இரையும், குமட்டும், உதடு துடிக்கும். பட்டியல் சரிதான். ஆனால் 'உதடு துடித்தால் மேலே ஏறிக்கொள்ளலாம்' என்ற தைரியத்தோடு மாணவர்கள் வெளியே வருகிறார்களே, அதுதான் எனக்குப் பயம். அறிகுறி எதுவுமே இல்லாமல் நேராக வலிப்பு வரலாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் கடற்படைக்காகக் மருத்துவர் கென்னத் டொனால்ட் டைவர்களை அழுத்தத்தில் ஆக்சிஜன் சுவாசிக்க வைத்துச் சோதித்தபோது, ஒரே ஆள் ஒருநாள் வெகுநேரம் தாங்கினார், இன்னொரு நாள் சீக்கிரமே துடித்தார். நேற்று ஒன்றும் ஆகவில்லை என்பது இன்றைக்குச் செல்லாது.

மிகையான ஆக்சிஜனிலிருந்து பிறக்கும் ஃப்ரீ ராடிக்கல்கள், அதாவது எதோடும் சட்டென்று வினைபுரியும் துகள்கள், மூளைச் செல்களைத் தாக்குகின்றன. நரம்புகளை அடக்கி வைக்கும் காபா என்ற மூளை வேதிப்பொருள் குறைகிறது. மூளையும் சும்மா இருப்பதில்லை, ரத்தக் குழாய்களைச் சுருக்கித் தடுத்துப் பார்க்கிறது. கார்பன் டை ஆக்சைடு சேர்ந்தால் அந்தக் குழாய்கள் விரிந்துவிடும். காற்றை மிச்சம் பிடிக்க மூச்சை அடக்குவதும், நீரோட்டத்தை எதிர்த்து மூச்சிரைக்க நீந்துவதும் அதனால்தான் ஆபத்து. இதை ஏன் வகுப்பில் ஒரே வரியில் கடந்துவிடுகிறீர்கள்?

தரையில் அழுத்த அறைக்குள் முகமூடி வழியே ஆக்சிஜன் சுவாசிப்பவருக்கு வலிப்பு வந்தால், முகமூடியைக் கழற்றினால் பெரும்பாலும் அடங்கிவிடும். நீருக்கடியில் வாயிலிருந்து, மூச்சுக்குக் காற்று தரும் ரெகுலேட்டர் நழுவும். அந்த ஆள் மூழ்கிப் போவார்.

அதனால் கேட்கிறேன்: அனலைசரை மாணவர் கையில் கொடுங்கள். ஒவ்வொரு முறையும் அவரே அளக்கட்டும், அவரே டேப்பில் எழுதி ஒட்டட்டும். 40 என்று காட்டினால் 25 மீட்டர். அதற்குக் கீழே அந்த சிலிண்டரோடு யாரையும் இறங்க விடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்களிடம் கற்ற ஒரு டைவர்