துள்ளும் பின்சக்கரமும் இரண்டு ஆப்புகளும்

சுங்கை சிப்புட்,
ஞாயிறு இரவு.

அன்பு நண்பனுக்கு,

கிள்ளானிலிருந்து நீ எழுதிய கடிதம் போன வாரம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியைப் படித்து வீட்டில் எல்லாரும் மகிழ்ந்தோம். அதை இரண்டே வரியில் முடித்துவிட்டு, உன் பழைய பிக்கப்பின் பின்சக்கரம் துள்ளுவதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். இது உன் மனைவியின் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். இருந்தாலும் கேட்டுவிட்டாய். என் தட்சுன் பிக்கப்போடு நான் பட்ட பாட்டை விவரமாகவே எழுதுகிறேன்.

என்னுடையது 1970களின் 620 வகை என்பது உனக்குத் தெரியும். ஹாஃப் கட் கடையில், அதாவது பாதியாக வெட்டி வரும் பழைய ஜப்பானியக் கார்களை விற்கும் கடையில், வாங்கிய நிசான் எஸ்ஆர்20 டர்போ எஞ்சினை அதில் ஏற்றிய மயக்கத்தில், பின்புறத்தை நான் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. செப்பாங் பந்தயத் தளத்தில் முதன்முறை 402 மீட்டர் ஓட்டத்துக்கு நிறுத்திக் கிளட்சை விட்டபோது, வண்டி முன்னே பாய்வதற்குப் பதிலாக, பின்புறம் சம்மட்டியால் அடிப்பது போல நான்கைந்து முறை அதிர்ந்து, எஞ்சின் விசையைப் பின்னுக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் தண்டின் மூட்டை, அந்த யூ-ஜாயிண்டை, முறித்துக்கொண்டு நின்றது. இழுவை லாரியில் ஊர் திரும்பும் வழியெல்லாம் டயர் அகலம் போதவில்லை என்றே நினைத்துக்கொண்டு வந்தேன். நீயும் இப்போது அதையேதான் நினைக்கிறாய்.

டயர் மேல் தப்பில்லை என்று காட்டிக்கொடுத்தது ஒரு கோடு வெள்ளைப் பெயிண்ட்தான். தகடுகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங் கட்டின் பக்கவாட்டில், அதை வண்டியோடு மாட்டும் வளையங்களான முன் கண்ணிலிருந்து பின் கண் வரை அந்தக் கோட்டை இழுத்துவிட்டு, பட்டறைக்குப் பின்னால் உள்ள காலி மனையில் வண்டியைக் கிளப்பினேன். மகன் எட்ட நின்று கைப்பேசியில் மெதுவோட்டப் படம் எடுத்தான். கிளட்ச் பிடித்த கணத்தில் அந்தக் கோடு பாம்பு போல நெளிந்தது. இரு பின்சக்கரங்களையும் தாங்கும் ஆக்ஸிலுக்கு முன்னால் உள்ள பாதி மேல்நோக்கி வளைந்தது, பின்னால் உள்ள பாதி கீழ்நோக்கி வளைந்தது, நடுவில், புரொப்பெல்லர் தண்டு ஆக்ஸிலோடு சேரும் பினியன் மூக்கு வானத்தைப் பார்த்தது. சக்கரம் முன்னோக்கிச் சுழல முயலும்போது ஆக்ஸில் கூடு எதிர்த்திசையில் திருகிக்கொள்ளும். அந்தத் திருகலைத் தாங்க லீஃப் ஸ்பிரிங்கைத் தவிர அங்கே வேறு எதுவும் இல்லை. முறுக்கேறிய ஸ்பிரிங் ஒரு கட்டத்தில் பட்டென்று விடுபடுகிறது, டயர் தரையை விட்டு எழுகிறது, இறங்கியதும் மறுபடி பிடிக்கிறது, மறுபடி முறுக்கேறுகிறது. நாம் துள்ளல் என்று சொல்வது இதைத்தான்.

என் வண்டியில் இந்த நோயை முற்றவைத்தது ஈப்போவில் ஒரு பட்டறைக்காரர் செய்த வேலை. வண்டி தாழ்ந்து அழகாக நிற்க வேண்டும் என்பதற்காக ஆக்ஸிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் 3 அங்குலக் கட்டை வைத்திருந்தார். கட்டை உயர உயர, ஸ்பிரிங்கைத் திருகும் நெம்புகோலும் நீளும். முதல் வேலையாக அதைக் கழற்றி எறிந்தேன். உன் வண்டியும் தாழ்வாகத்தான் நிற்கிறது. கீழே குனிந்து பார்.

அடுத்தது பினியன் கோணம். வண்டி நான்கு சக்கரத்தில் சமதரையில் நிற்கும்போதே, புரொப்பெல்லர் தண்டோடு ஒப்பிட்டு இதை அளக்க வேண்டும். ஜாக்கியில் தூக்கிவைத்து அளந்தால் பொய்க் கணக்குத்தான் வரும். விசை ஏறும்போது மூக்கு எப்படியும் எழும் என்பதால், முன்கூட்டியே அதைத் தாழ்த்திவைத்தால் எழுந்தபின் நேர்க்கோட்டுக்கு வந்துசேரும். நான் எஃகு ஆப்பு வைத்து 5 டிகிரி தாழ்த்தினேன். நம் வண்டிகளில் ஆக்ஸில் ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருப்பதால், ஆப்பின் தடித்த முனை வண்டியின் பின்பக்கம் பார்க்க வேண்டும். நான் முதலில் மாற்றிவைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன்.

ஆனால் ஆப்பு திருகலைத் தடுக்காது. தடுப்பது ஸ்பிரிங்குக்கு அடியில் பூட்டும் இரும்புத் தண்டு. அதன் பின்முனை ஆக்ஸிலோடு யூ-போல்ட்டில் இறுகியிருக்கும். முன்முனையில் உள்ள ரப்பர், ஸ்பிரிங்கின் முன் கண்ணுக்கு நேர் கீழே, சிறு இடைவெளி விட்டு நிற்கும். ஆக்ஸில் திருகத் தொடங்கியதும் தண்டு எழுந்து அந்த இடத்தில் முட்டுகிறது. அதற்குமேல் ஸ்பிரிங்கால் நெளிய முடியாது, டயர் தரையில் அழுந்துகிறது. தண்டு குட்டையாகி, ரப்பர் தகட்டின் நடுவில் முட்டினால் தகடே வளைந்துவிடும். கூடவே, ஸ்பிரிங்கின் முன்பாதியில் தகடுகளைக் கூடுதல் கவ்விகளால் இறுக்கிக் கட்டினேன். பின்பாதிக் கவ்விகளைக் கழற்றினேன். முன்பாதி திருகலை எதிர்க்கும்படி விறைப்பாக இருக்க வேண்டும், பின்பாதி தளர்ந்து அசைய வேண்டும்.

ரப்பருக்கு மேலே விடும் இடைவெளியை இரு பக்கமும் ஒரே அளவு வைத்துவிடாதே. புரொப்பெல்லர் தண்டின் சுழற்சி ஆக்ஸிலின் இடப்பக்கத்தை அழுத்தி, வலச்சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும். 1960களில் கிரைஸ்லர் தன் பந்தயக் கார்களுக்கு இடம் வேறு, வலம் வேறு என்று ஸ்பிரிங் கொடுத்தது இதற்காகத்தான். என் வண்டியில் இடப்பக்க இடைவெளி 12 மில்லிமீட்டர், வலப்பக்கம் 3.

மணல் மூட்டை போடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். என் வண்டி ஏறத்தாழ 1,100 கிலோ. பின்னால் சுமை ஏதும் இல்லாமல் நிற்கையில் பின்சக்கரங்களில் 460 கிலோதான் இருக்கும். புவியீர்ப்பில் பாதி முடுக்கத்தோடு கிளம்பினாலே, எடை மையத்தின் உயரத்தையும் சக்கர இடைத்தூரத்தையும் வைத்துப் பார்க்கையில், சுமார் 120 கிலோ தானாகப் பின்னுக்குப் போகிறது. முன்பக்க ஷாக் அப்சோர்பர் எளிதில் நீண்டுகொடுத்து, வண்டியின் முன்பக்கம் எழ வழிவிட்டால் போதும். பேட்டரியை வலது பின்மூலைக்கு மாற்றி, அசையாமல் போல்ட் போட்டுப் பூட்டு. மூட்டையோ 402 மீட்டரும் உன்னோடு சவாரி செய்யும், பிரேக் போட்டால் முதுகில் வந்து இடிக்கும்.

டயரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பந்தய ரேடியல் டயரில் 18 பிஎஸ்ஐ காற்று எனக்குச் சரிப்பட்டது. சாலையில் ஓட்டும்போது கூட்டிவிடு. மாற்றங்களைச் சாலைப் போக்குவரத்து இலாகாவிடம் கேட்டுக்கொண்டு செய்.

இவ்வளவும் முடித்துப் போன மாதம் செப்பாங்கில் ஓட்டினேன். முதல் 60 அடியைக் கடக்க முன்பு 2.5 விநாடி ஆனது, இப்போது 2.1. எஞ்சினில் ஒரு திருகைக்கூடத் தொடவில்லை. நம் தோட்டத்துச் செம்பனை லாரி, குலை நிறைந்தால் அமைதியாகப் போகும், ஆலையில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது லயத்து மேட்டில் துள்ளும். அதன் பின்னால் தொற்றிக்கொண்டு போன நமக்கு, பின்சக்கரத்தில் அழுத்தம் குறைந்தால் அது துள்ளும் என்பது ஏன் இத்தனை வருடம் புரியவில்லையோ தெரியவில்லை.

அடுத்த கடிதத்தில் மூன்று அளவுகளை எழுது: கட்டையின் உயரம், பினியன் கோணம், முன் கண்ணிலிருந்து ஆக்ஸில் வரை உள்ள நீளம். என்னிடம் இரண்டு ஆப்புகள் மிச்சம் இருக்கின்றன. கோணத்தைப் பார்த்துவிட்டு, பொருந்துமானால் அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய லயத்துத் தோழன்