இரண்டாம் எதிர்மனுதாரர்

தஞ்சாவூர்
16.11.2025, ஞாயிறு

அன்புள்ள கயலுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. வசந்தி சித்தியின் மகளுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, அதைப் பின்னால் விவரமாக எழுதுகிறேன். இந்தக் கடிதம் பார்சலில் பருப்புப் பொடிக்கும் சுண்டைக்காய் வற்றலுக்கும் நடுவில் இருக்கும். போனில் பேசலாம் என்றால் டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்கிறாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் இரண்டு நீலக் கோடுகள் விழுகின்றன, பதில் விழுவதில்லை. முப்பத்தொரு வருடம் தட்டச்சு செய்த கை, காகிதம் என்றால்தான் எனக்கும் கோவையாக வருகிறது.

தீபாவளிக்கு நீ அனுப்பிய படத்தை அப்பா தெரு முழுவதும் காட்டிவிட்டார். சொந்தக் கார், இங்கிலாந்தில் லிங்கன் நகரத்தில், அதுவும் தன் சம்பாத்தியத்தில் என்று பால்காரர் வரைக்கும் தெரியும். நீயும் அழகாகத்தான் இருக்கிறாய், கொஞ்சம் இளைத்துவிட்டாய். நான் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். காரின் முன்பக்கம் முழுதாகத் தெரிகிறது. நம்பர் பலகை தெரிகிறது. வைப்பரில் ஒட்டியிருக்கும் ஈர இலை கூடத் தெரிகிறது. வேறு எதுவும் அங்கே ஒட்டியிருக்கவில்லை.

செப்டம்பர் 12-ஐக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தேன். நீ போய் ஒரு வருடம் என்று அப்பா பாயசம் வைக்கச் சொன்னார், வைத்தேன். எனக்கு அந்த வட்டத்தில் வேறு கணக்கு.

ரெடிங்கில் இருக்கும் செந்தில் அண்ணனிடம் நான் விசாரித்ததை நீ தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எதிர் வீட்டுப் பையன் அங்கே வரப்போகிறான், கார் ஓட்டுவது பற்றிக் கேட்கிறான் என்றேன். எதிர் வீட்டில் பையனே கிடையாது என்பது அவனுக்கும் தெரியும். இருந்தாலும் பொறுமையாகச் சொன்னான். நம் ஊர் லைசென்ஸை வைத்துக்கொண்டு அங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம்தான் ஓட்டலாம். ஆஸ்திரேலியா, ஜப்பான் லைசென்ஸ் என்றால் தேர்வு இல்லாமலே மாற்றிக் கொடுத்துவிடுவார்களாம். இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. 12 மாதம் முடிந்த மறுநாள், நீ தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் எத்தனை தடவை ஓட்டியிருந்தாலும் கற்றுக்குட்டிதான். 21 வயது தாண்டிய, முழு லைசென்ஸ் வாங்கி மூன்று வருடமாவது ஆன ஒருவர் பக்கத்தில் உட்காராமல் வண்டியை எடுக்கக் கூடாது. உன்னோடு தங்கியிருக்கும் கோட்டயத்துப் பெண் போன சித்திரையில்தான் அங்கே தேறினாள் என்று நீயே சொன்னாய். அவள் கணக்கில் வரமாட்டாள்.

இங்கே ஒரு ஏஜென்ட் ஆயிரம் ரூபாய் கட்டினால் இன்னொரு இன்டர்நேஷனல் பர்மிட் எடுத்து அனுப்பலாம், இன்னும் ஒரு வருடம் ஓட்டலாம் என்றார். செந்தில் சிரித்தான். அந்த 12 மாதத்தை எந்தப் பர்மிட்டும் நீட்டாதாம்.

எழுத்துத் தேர்வில் 50-க்கு 47 வாங்கினாய். 43 வாங்கினால் போதும் என்ற இடத்தில் 47! சின்ன வயதிலிருந்தே நீ அப்படித்தான், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஸ்கூட்டரில் ஒரே தடவையில் எட்டுப் போட்டவள். ஓட்டுத் தேர்வு என்ன ஆயிற்று என்று மூன்று தடவை கேட்டுவிட்டேன். முதல் தடவை தேதி கிடைக்கவில்லை என்றாய். அடுத்த தடவை மழை என்றாய். மூன்றாம் தடவை வெண்டைக்காய் விலையைச் சொன்னாய். அங்கே தேதிக்கு மாதக்கணக்கில் காத்துக்கிடக்கிறார்கள் என்று செந்திலும் சொன்னான், நம்புகிறேன். தோற்றுப்போயிருந்தாலும் சொல்லலாம் கயல். துறைத் தேர்வில் அப்பா நான்காம் தடவைதான் தேறினார் என்பது ஊருக்கே தெரியும். என்னிடம் மறைக்கும் அளவுக்கு நான் என்ன செய்துவிட்டேன்?

சரி, அதை விடு. உன் கார் இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படி. முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவைக்காதே, எதற்காக ஓட்டலாம் என்று போட்டிருக்கும் இடத்தைப் பார். வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வர என்று இருந்தால் உனக்கு அது போதாது. ஏழு மணிக்கு ஒரு பாட்டியைக் குளிப்பாட்டி, எட்டரைக்கு அடுத்த கிராமத்துத் தாத்தாவுக்கு மாத்திரை கொடுத்து, பத்து மணிக்கு இன்னொரு வீட்டுக் கதவைத் தட்டுகிறாயே, அந்தப் பயணம் தொழில் உபயோகத்தில் சேரும். அதற்குத் தனியாகச் சொல்லி, தனியாகப் பணம் கட்ட வேண்டும். கார் ஓட்டத் தெரிந்தால்தான் வேலை என்று அழைத்துக்கொண்ட உன் கம்பெனி இதைச் சொன்னதா? 12 மாதம் முடிந்துவிட்டதே என்று யாராவது கேட்டார்களா? கேட்டிருக்கமாட்டார்கள். அவர்களுக்கு ஏழு மணிக்கு அந்தப் பாட்டி வீட்டில் ஆள் நிற்க வேண்டும்.

இன்சூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் 300 பவுண்டு, லைசென்ஸில் 6 தண்டனைப் புள்ளி. நீதிமன்றத்துக்குப் போனால் அபராதத்துக்கு உச்சவரம்பே கிடையாது. காரைச் சாலையிலேயே பறிமுதல் செய்யலாம். கேமரா நம்பரைப் படித்து, பாலிசி இருக்கிறதா என்று பதிவேட்டில் பார்த்துக்கொள்ளுமாம், மறைக்க முடியாது. புதிதாகத் தேறியவர்களுக்கு இரண்டு வருடத்துக்குள் 6 புள்ளி சேர்ந்தால் லைசென்ஸே ரத்தாகிவிடும், மறுபடியும் எழுத்துத் தேர்விலிருந்து தொடங்க வேண்டும். விசா விண்ணப்பத்தில் தண்டனை உண்டா என்று ஒரு கேள்வி இருக்கும். நீ படித்தவள், நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இருந்தாலும் பாலிசியை எடுத்துப் படி.

நீதிமன்றத்தில் என் கைக்கு வந்த விபத்து இழப்பீட்டு மனுக்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். மனுதாரர், அடிபட்டவர் அல்லது அவர் மனைவி மக்கள். முதல் எதிர்மனுதாரர், வண்டியின் உரிமையாளர். இரண்டாம் எதிர்மனுதாரர், இன்சூரன்ஸ் கம்பெனி. பணம் வருவது இரண்டாம் ஆளிடமிருந்து. சில மனுக்களில் பெயர்ப் பட்டியல் முதல் எதிர்மனுதாரரோடு முடிந்துவிடும். அந்தக் கட்டைக் கையில் எடுக்கும்போதே எங்களுக்குத் தெரியும். தீர்ப்பு நாலு லட்சம், வட்டியோடு என்று வரும். முதல் எதிர்மனுதாரருக்கு ஒரு ஓட்டு வீடும் நசுங்கிய வண்டியும் இருக்கும். நிறைவேற்று மனு, ஜப்தி, வாய்தா, மறுபடி வாய்தா. கைக்குழந்தையோடு வந்த பெண், பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டுத் தனியாக வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள்.

லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய வழக்கு என்றால், இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் தொகையைச் செலுத்திவிட்டுப் பின்னர் உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம் என்று எழுதுவார்கள். 2004-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு அந்த வரியை நான் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். அங்கேயும் அப்படித்தான் என்கிறான் செந்தில். அடிபட்டவருக்குக் கம்பெனி கொடுத்துவிடும், அப்புறம் உன்னைத் தேடி வரும். இன்சூரன்ஸே இல்லாத வண்டி இடித்தால் அதற்கென்று மோட்டார் இன்சூரர்ஸ் பீரோ என்று ஒன்று 1946-இலிருந்து இருக்கிறதாம். ஒழுங்காகப் பிரீமியம் கட்டுகிறவர்கள் காசிலிருந்து அடிபட்டவருக்குக் கொடுத்துவிட்டு, ஓட்டியவரிடம் திரும்பக் கேட்கிறது. கேட்டபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. இங்கே இடித்துவிட்டு ஓடிப்போன வண்டி என்றால் மட்டும் அரசு ஏதோ கொடுக்கும். நான் வேலை பார்த்த காலத்தில் சாவுக்கு 25,000 ரூபாய், பெருங்காயத்துக்கு 12,500. 2022-இல்தான் இரண்டு லட்சமும் 50,000-மும் ஆயிற்று. இடித்தவர் இன்னார் என்று தெரிந்து, அவருக்கு இன்சூரன்ஸ் இல்லையென்றால் அதுவும் கிடையாது.

அந்த இன்னாரில் நானும் ஒருத்தி. இதை எழுதுவதற்குள் மூன்று காகிதம் கிழித்துவிட்டேன்.

சாணைக்காரத் தாத்தாவை உனக்கு நினைவிருக்கும். பத்து ரூபாய் வேலைக்கு ஏன் ஐம்பது கொடுக்கிறாய், ஏன் அவரை மட்டும் திண்ணையில் உட்காரவைத்து இட்லி கொடுக்கிறாய் என்று கேட்பாய். வயதானவர் என்பேன். எல்லாச் சாணைக்காரரும் வலது காலால் மிதிக்கிறார்கள், இவர் ஏன் இடது காலால் மிதிக்கிறார் என்று ஒருநாள் கேட்டாய். அன்றைக்கு உன்னை அதட்டி உள்ளே அனுப்பினேன்.

2003, ஆடி மாதம். நீ இரண்டாம் வகுப்பு. நாஞ்சிக்கோட்டை சாலையில் டிவிஎஸ் 50-ஐ விரட்டிக்கொண்டு போனேன், நேரமாகிவிட்டது. அவர் சாணையைத் தோளில் சுமந்துகொண்டு குறுக்கே வந்தார். இடித்த வேகத்தில் சக்கரம் கழன்று உருண்டு டீக்கடை வாசலில் போய் விழுந்தது. வலது கணுக்கால். அவர் காலைப் பார்க்கவில்லை, "கல் உடைந்துவிட்டதா பாருங்கள் அம்மா" என்றார்.

வண்டிக்கு இன்சூரன்ஸ் முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது. மறதி என்று சொல்லமாட்டேன். தாள் மேஜை இழுப்பறையில் இருந்தது, பணமும் இருந்தது, சில நூறு ரூபாய்தான். அடுத்த மாதம் கட்டலாம் என்று விட்டிருந்தேன். லைசென்ஸ் நான் எடுத்ததே 2005-இல். ஆறு வருடம் அது இல்லாமல்தான் அந்த வண்டியை ஓட்டியிருந்தேன். நீதிமன்ற ஊழியரை யார் நிறுத்துவார்கள் என்ற தைரியம்.

தவறி விழுந்ததாக ஆஸ்பத்திரியில் சொல்லச் சொன்னேன். அவரும் சொன்னார். மூன்றாம் நாள் அவர் மகன் வந்தான். கேஸ் போட்டால் பணம் வரும் என்று யாரோ சொன்னார்களாம், போடலாமா என்று என்னிடமே கேட்டான். "நான் அங்கேதான் தம்பி வேலை பார்க்கிறேன். ஏழு வருடம் இழுக்கும், கிடைப்பதில் பாதி வக்கீலுக்குப் போய்விடும்" என்றேன். வளையல் ஒன்றை விற்று 8,000 ரூபாயை அவன் கையில் கொடுத்தேன். புன்னைநல்லூர்க் கூட்டத்தில் தொலைந்தது என்று உன் பாட்டி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்த வளையல் அதுதான்.

கணுக்கால் முறிவு, நிரந்தர ஊனம், வயது 58, காலால் மிதித்துச் செய்யும் தொழில். இப்படி ஒரு மனுவுக்கு எவ்வளவு வரும் என்று எனக்குத் தெரியும், அந்த வாரம்கூட அப்படி ஒன்றுக்குத் தீர்ப்பு அடித்திருந்தேன். எட்டாயிரத்தைப் போலப் பல மடங்கு. தெரிந்துதான் சொன்னேன். அவன் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

அப்பாவுக்குத் தெரியாது. நீயும் சொல்ல வேண்டாம். மூன்று வருடமாகத் தாத்தா வருவதில்லை. மகன் எங்கே இருக்கிறான் என்று விசாரித்தேன், வீடு மாறிவிட்டார்களாம்.

இவளுக்கு என்ன யோக்கியதை என்று நீ நினைத்தால் நினைத்துக்கொள். உன் கம்பெனியிடம் நகரத்துக்குள் நடந்து போகிற வீடுகளாகத் தரச் சொல். தர முடியாது என்றால் பஸ்ஸில் போ. சம்பளம் குறைந்தால் குறையட்டும், இங்கே அனுப்புவதை நிறுத்து. மாடிக்கு டைல்ஸ் போடாவிட்டால் ஒன்றும் ஆகிவிடாது. டைல்ஸ் வேண்டும் என்று முதலில் கேட்டவளும் நான்தான், தெரியும். அங்கே இப்போது நாலு மணிக்கே இருட்டிவிடுகிறதாம். இருட்டில் ஓட்டாதே. பாலிசியை எடுத்துப் படி.

சித்தி மகள் கல்யாணத்தைப் பற்றி எழுத இடமில்லை. போனில் சொல்கிறேன், நீ எடுத்தால்.

பார்சலின் அடியில், வற்றல் கவருக்குக் கீழே, இரண்டு அட்டைகள் இருக்கும், வளைத்துவிடாதே. வெள்ளையில் சிவப்பு 'எல்'. கீழவாசல் ஸ்டிக்கர் கடையில் நம் ஊர் அளவு, 18 சென்டிமீட்டர் சதுரம், தயாராகத் தொங்கியது. அங்கே 178 மில்லிமீட்டராம். "இரண்டு மில்லிமீட்டர்தானே அக்கா, யார் அளக்கப்போகிறார்கள்?" என்றார் கடைக்காரர். புதிதாக வெட்டச் சொல்லி, ஸ்கேல் வைத்துப் பார்த்துத்தான் வாங்கினேன். பின்பக்கம் காந்தம் இருக்கிறது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.

அன்புடன்
அம்மா