உறைந்த தேனைத் தூக்கிப் போடச் சொல்லலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில், வீட்டுக்குறிப்புகள் பகுதியில் ஒரு வரி வந்திருந்தது. "அடியில் சீனி போல உறைந்திருக்கும் தேன் வெறும் சர்க்கரைப்பாகு, தயங்காமல் தூக்கிப் போடுங்கள்." எழுதியவர் யார், யாரிடம் கேட்டு எழுதினார் என்ற விவரம் எதுவும் இல்லை. கைப்பேசியில் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு காணொளியில் இதே வரியைப் பல தடவை கேட்டிருக்கிறேன். அங்கே கேட்டபோது பேசாமல் விட்டுவிட்டேன். தங்கள் பத்திரிகையில் அச்சில் பார்த்தபோது மனசு ரொம்பவே வேதனைப்பட்டது.

நான் கன்னியாகுமரி மாவட்டம் அருமனைப் பக்கம் தேன்பெட்டி வைத்துப் பிழைக்கிறவன். அப்பா காலத்திலிருந்து இதுதான் தொழில். எங்கள் மாவட்டத்தில் கிடைப்பது பெரும்பாலும் ரப்பர் தேன் என்பது தங்களுக்குத் தெரியும். இலையுதிர்த்து முடித்த ரப்பர் மரம் தை, மாசியில் தளிர்விடும். அந்தத் தளிரில், மூன்று இலையும் காம்போடு சேரும் இடத்தில் சின்னச் சின்னச் சுரப்பிகள் உண்டு. அதில் ஊறும் இனிப்பு நீரைத்தான் தேனீக்கள் உறிஞ்சிக்கொண்டு வரும். அந்தத் தேனில் குளுக்கோஸ் அதிகம். குளுக்கோஸ் கூடின தேன் சீக்கிரம் உறையும். எடுத்துக் கொஞ்ச நாளிலேயே குப்பியின் அடியில் வெள்ளையாக, குருணை குருணையாகப் படியும். கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் எடுத்து, குப்பியை மூடியோடு அதில் வைத்தால் போதும். கொஞ்ச நேரத்தில் கரைந்து பழையபடி ஆகிவிடும். இவ்வளவுதான் விஷயம்.

தக்கலையிலிருந்து ஒரு டீச்சர் பல வருஷமாக என்னிடம்தான் தேன் வாங்குகிறார். குறிப்பு வந்த மறுநாளே குப்பியோடு வந்துவிட்டார். "அண்ணே, நீங்க இப்படிச் செய்வீங்கன்னு நான் நினைக்கல்ல" என்றார். சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் முன்னாலேயே அடுப்பில் தண்ணீர் வைத்துக் குப்பியை இறக்கிக் காட்டினேன். அடியில் இருந்த வெள்ளை மெல்ல இளகி மேலே ஏறி, தேன் தெளிந்தது. பார்த்துவிட்டுக் குப்பியை எடுத்துக்கொண்டு போனார். ஆனால் நேரில் வந்து கேட்பவருக்குக் காட்டலாம். சென்னையிலிருந்து இணையத்தில் வாங்கியவர் ஒரு படம் எடுத்துப் போட்டு, "சீனிப்பாகு, ஏமாறாதீர்கள்" என்று எழுதி ஒரு நட்சத்திரம் கொடுத்துவிட்டார். அவருக்கு எப்படி அடுப்பு மூட்டிக் காட்டுவது? அந்த விற்பனைத் தளம் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. தேனும் திரும்பி வரவில்லை. கூரியர் செலவும் என் தலையில்.

இது இன்று நேற்றுத் தொடங்கியதில்லை. சில வருஷம் முன்னால், மழைக்காலத்தில் நாங்கள் பெட்டிக்குள் சீனித்தண்ணீர் வைப்பதை ஒரு பையன் படம் எடுத்து, "சீனியிலிருந்து தேன் தயாரிக்கும் கும்பல்" என்று போட்டான். அடைமழையில் பூ கிடையாது, தளிர் கிடையாது. ஈக்கள் பட்டினியில் சாகாமல் இருக்கத்தான் அது. அந்த மாதங்களில் நாங்கள் தேன் எடுப்பதே இல்லை. 1990-களின் தொடக்கத்தில் தாய்லாந்து சாக்புரூட் என்ற வைரஸ் நோய் வந்து, தேனீப் புழுக்கள் பை போல வீங்கிச் செத்து, பெட்டிகள் வரிசையாகக் காலியானதை எங்கள் ஊரில் பெரியவர்கள் இன்னும் சொல்லிச் சொல்லி வருந்துவார்கள். அதிலிருந்து மிச்சம் மீதியை வைத்து மீண்டு வந்த தொழில் இது. ஈயைக் காப்பாற்றுவது குற்றமா?

அப்புறம் அந்தத் தண்ணீர்ச் சோதனை. டம்ளர் தண்ணீரில் விட்டால் கரையாமல் அடியில் போய் நின்றால் நல்ல தேனாம். தங்கள் பத்திரிகையிலும் முன்பு வந்திருக்கிறது. இந்தியத் தேனீயின் தேனில் இயல்பாகவே ஈரம் சற்று அதிகம், அது சீக்கிரம் கரையும். கெட்டியாகக் காய்ச்சிய வெல்லப்பாகு கல் மாதிரி அடியில் போய் நிற்கும். அப்போது எது பாஸ் ஆகிறது, எது ஃபெயில் ஆகிறது, ஐயா? 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 நிறுவனங்களின் தேனைச் சோதித்தது தங்களுக்கு நினைவிருக்கும். ஜெர்மனியில், மூலக்கூறு அமைப்பையே காட்டும் என்.எம்.ஆர். கருவியில் வைத்துப் பார்த்த பிறகுதான் 10 தேறவில்லை என்று தெரிந்தது. ஆய்வகத்தையே ஏமாற்றும் பாகு சந்தையில் இருக்கும்போது, டம்ளர் தண்ணீரும், தேனில் தோய்த்துப் பற்றவைக்கும் தீக்குச்சியும் என்ன கண்டுபிடிக்கும்?

இந்தக் குறிப்புகளால் யாருக்கு லாபம் என்று சொல்லட்டுமா? "உறைஞ்ச தேன் போகாது" என்று மொத்த வியாபாரி விலையைக் குறைக்கிறார். நன்றாகச் சூடாக்கி, வடிகட்டி, மாசக்கணக்கில் கண்ணாடி போல நிற்கும் பெரிய கம்பெனித் தேன்தான் அசல் என்று ஜனங்கள் நம்புகிறார்கள். எங்கள் மாவட்டத்து மார்த்தாண்டம் தேனுக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது தாங்கள்தான் பெருமையாகப் பெரிய செய்தி போட்டீர்கள். அதைக் கத்தரித்து வீட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன். அதே தேனைத்தான் இப்போது தூக்கிப் போடச் சொல்லியிருக்கிறீர்கள்.

சந்தேகம் வந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையிடம் மாதிரி கொடுத்துச் சோதிக்கச் சொல்லலாம், 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். இதை எழுதுங்கள், நாங்களே வரவேற்போம். கலப்படக்காரன் பிடிபட்டால் முதலில் சந்தோஷப்படுவது நாங்கள்தான்.

எனக்கு மன்னிப்பு எதுவும் வேண்டாம். ரப்பர் தேன் உறைவது இயல்பு, வெந்நீரில் வைத்தால் இளகும் என்று ஒரு நாலு வரித் திருத்தம், அதே ஞாயிறு இணைப்பில், அதே இடத்தில் போடுங்கள். மாசித் தேன் எடுப்புக்கு முன்னால் வந்தால் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
அருமனை, கன்னியாகுமரி மாவட்டம்